மூன்றாவது பூச்சு

கெமி நகரில் நவம்பரில்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில்
ஐந்து நாளும் என் நகங்கள் மொட்டை.
மேற்பார்வையாளர் ஹில்க்கா
விளக்கடியில் விரல்களை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள்,
பள்ளிக்கூடத்தில் போல.

வெள்ளி மாலை என்னுடையது.
பன் சுடுவேன். நெயில் பாலிஷ் போடுவேன்.
வரிசை முக்கியம்.
பூசிவிட்டுப் பிசைந்தால்
மாவுக்குள் சிவப்புச் செதில் கிடக்கும்.
ஒருமுறை தங்கை கணவன் பல்லில் தட்டுப்பட்டது.
திராட்சைத் தோல் என்று சொல்லிவிட்டேன்.

ஏலக்காயை நானே நசுக்குவேன்.
பொடியாய் வாங்கினால்
வாசனை பாதி வழியில் இறங்கிவிடுகிறது.
பொட்டலத்தில் குவாத்தமாலா என்று போட்டிருக்கிறது.
அங்கே இப்போது வெயிலாக இருக்கும்.

குப்பிகள் செருப்புப் பெட்டியில், இருபத்துமூன்று,
எல்லாம் தள்ளுபடிக் கூடையில் பொறுக்கியவை.
அடியில் ஒட்டியிருக்கும் பெயர்கள்:
மந்திரியின் விடுமுறை,
ஈரப் பாசி,
நாளைக்குச் சொல்கிறேன்.
யாரோ ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து
இதற்கெல்லாம் பெயர் வைக்கிறார்.
அந்த வேலை கிடைத்தால்
உருளைக்கிழங்குக் கஞ்சியை
அன்றே இறக்கி வைத்துவிடுவேன்.

பன் வேகப் பன்னிரண்டு நிமிடம்.
பூச்சு உலர அறுபது நொடி என்கிறது குப்பி.
ஒரு யூரோ தொண்ணூறு காசுக்கு
அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

அன்றைக்கு ஈரப் பாசி.
இரண்டாவது பூச்சு, இரண்டு கையிலும்.
அடுப்பு கத்த ஆரம்பித்தது.
கையுறைக்குள் கையை விட்டால் பாலிஷ் போச்சு.
விடாவிட்டால் பன் போச்சு.
வெட்கமாக இருக்கிறது,
ஒரு கணம் யோசித்தேன்.
பிறகு முழங்கையால் கைப்பிடியை அழுத்தி வெளியே வந்து
எதிர்க் கதவைக் குதிகாலால் உதைத்தேன்.

உர்ஹோ.
பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
ஆறு வருடமாக ஒரே லிஃப்ட்,
ஆறு வருடமாக அரை வணக்கம்.
கம்பளிக் காலுறையோடு வந்து திறந்தார்.
துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவள் மாதிரி
பத்து விரலையும் தூக்கிக்கொண்டு
“அடுப்பு” என்றேன்.

தட்டை எடுத்தார். அடுப்பை அணைத்தார்.
கேட்காமலே ஜன்னலையும் திறந்துவிட்டார்.
நின்றபடியே மூன்று பன் தின்றார்.
“அடி கருகினால்தான் எனக்குப் பிடிக்கும்”
என்றார் சுவரிடம்.

பிறகு வலது கட்டைவிரலை
மாவு சிந்திய மேசையில்,
குப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.
வண்டிக் கதவு நசுக்கிய நகம்,
கத்தரிக்காய் நிறத்தில் செத்துக் கிடந்தது.
“விழ இன்னும் மூன்று மாசம் ஆகுமாம்.”
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.
மூடியைத் திருகினேன்.

முதல் பூச்சில் கறுப்பு அப்படியே தெரிந்தது.
இரண்டாவதில் மேகத்துக்குப் பின்னால் போனது.
மூன்றாவதில் காணோம்.
உறைந்த ஏரி ஓரத்தில்
ஏப்ரலில் முதலில் தலைகாட்டுமே,
அந்தப் பச்சை.

விரலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.
“அறுபது நொடியா?”
“நம்பாதீர்கள்.”

திங்கட்கிழமை, பேருந்துக்கு முன்,
பஞ்சால் என் பத்தையும் துடைத்தேன்.
லிஃப்டில் அவர் இருந்தார்.
தடித்த கையுறை.
உள்ளே இருக்கிறதா, சுரண்டிவிட்டாரா,
அதை எப்படிக் கேட்பது?
முழு வணக்கம் சொன்னார்.

இன்று வெள்ளி.
வேலை விட்டு வந்தால்
கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்குகிறது.
குப்பி. விலைச்சீட்டைக்கூட உரிக்கவில்லை: ஒரு யூரோ.
சாலைப் பணியாளர் மேலங்கியின் ஆரஞ்சு.
பெயர், உப்புச் சப்பில்லாமல், எண் நாற்பத்தொன்று.
எனக்குப் பிடிக்காத நிறம்.

பன்களை உள்ளே தள்ளுகிறேன்.
கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பிவிட்டு
இடது கையிலிருந்து
ஆரம்பிக்கிறேன்.